அமலி அக்காவைப் பற்றி அரைப் பக்கம்

1

அரைப் பக்கம் போதுமாம். அதிகம் வேண்டாமாம்.

போன வாரம் ஊரிலிருந்து, எங்கள் கோவிலின் பங்கு ஆபீசிலிருந்து, வாட்ஸப்பில் வந்த செய்தி இது. அன்புச் சகோதரி என்று ஆரம்பித்து ஆசீரோடு முடிகிறது. என் அக்கா அமலி இறந்து இந்த ஜூலையோடு ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த ஆண்டுத் திருப்பலியன்று பங்கில் ஒரு கையேடு வெளியிடுகிறார்களாம். 'கருவில் வளர்ந்த குழந்தைக்காகத் தன் உயிரை மனமுவந்து ஈந்த தியாகத் தாய்' என்ற தலைப்பில் அதில் அக்காவுக்கு ஒரு இடம். நான் வெளிநாட்டில் இருக்கிறவள், நர்ஸ், அவளுடைய கூடப்பிறந்தவள். ஆகவே நான் எழுதினால் நன்றாக இருக்குமாம். அக்கா சிரிக்கிற மாதிரி ஒரு படமும் வேண்டுமாம்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில், வேலை முடிந்து வந்து, காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து இதைப் படித்தேன். வெளியே வழக்கமான தூறல். பக்கத்து வீட்டுக்காரர் பச்சைக் குப்பைத் தொட்டியை இழுத்துப்போய்த் தெருவில் வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் கையசைக்கவில்லை. கையில் போன் இருந்தது, அதைத் தூக்கி எறியாமல் இருப்பதே பெரிய பாடாக இருந்தது.

மனமுவந்து. அந்த ஒரு வார்த்தைதான் என்னை எரித்தது. மற்றதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும்.

2

இங்கே எங்களுக்கு மாதத்துக்கு ஒரு தமிழ்ப் பூசை உண்டு. இரண்டாம் ஞாயிறு, மதியம் இரண்டு மணிக்கு. அயர்லாந்துக்காரர்கள் காலைப் பூசைக்கு வந்து போன பிறகு, கோவிலை எங்களுக்கு விட்டுத்தருகிறார்கள். காலையில் இருபது கிழவிகள் உட்கார்ந்திருந்த இடத்தில், மதியம் நாங்கள் நூறு பேர் பட்டுச்சேலையோடும் ஓடித்திரிகிற பிள்ளைகளோடும் நிறைந்திருப்போம். பூசை முடிந்ததும் பக்கத்து ஹாலில் டீ, மிக்சர், யாராவது வீட்டு வடை.

என் மகள் ரியா வரமாட்டாள். பதினாறு வயது. முதலில் வயிற்றுவலி என்றாள், அடுத்து பரீட்சை என்றாள், இப்போது காரணமே சொல்வதில்லை. அவளுடைய ஜாக்கெட்டில் ஒரு சின்ன பட்டன் பேட்ஜ் குத்தியிருக்கிறது. 'என் உடம்பு, என் முடிவு' என்ற பொருளில் ஏதோ எழுதியிருக்கும். அதைக் கழற்றச் சொல்லி இரண்டு தடவை சண்டை போட்டேன். எதற்காகச் சண்டை போட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை. பேட்ஜின் ஊசி பட்டு நூலை இழுத்துவிடும் என்று அவளிடம் சொன்னேன், அந்த ஜாக்கெட் பட்டே இல்லை.

இந்த மாதம் டீ மேஜையில் மிக்சர் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதக் கட்டு இருந்தது. பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருந்தார்கள். இந்த நாட்டில் கருக்கலைப்புச் சட்டம் மாறி சில வருஷம் ஆயிற்று. முதல் தடவை டாக்டரைப் பார்த்த பிறகு மூன்று நாள் காத்திருந்துதான் மாத்திரை வாங்க முடியும் என்று அதில் ஒரு விதி. அந்த மூன்று நாளை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு தரப்பு, எடுக்கக் கூடாது என்று இன்னொரு தரப்பு. எடுக்கக் கூடாது என்று கேட்கிற மனு அது. எங்கள் குழுவின் செயலாளர் சேவியர் அண்ணாச்சி ஆள் ஆளாகப் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார்.

சேவியர் அண்ணாச்சி நல்ல மனுஷர். புதிதாக வருகிற நர்ஸ் பிள்ளைகளுக்கு வீடு பார்த்துக் கொடுப்பார், விமான நிலையத்திலிருந்து கூட்டிவருவார். வள்ளியூர்ப் பக்கம். பல வருஷம் இங்கே இருந்தும் பேச்சு மாறவில்லை.

"ஜெசி, ஒரு கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிம்மா" என்றார்.

"நான் போடல அண்ணாச்சி."

"படிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லுதியா? மூணு நாள் யோசிக்கச் சொல்லுதாவ, அதுல என்ன தப்பு? காத்துருக்கதுல யாரு செத்துப்போவா?"

அவருக்கு என் அக்கா கதை தெரியாது. இந்த நாட்டில் யாருக்கும் முழுசாகத் தெரியாது. ஆனாலும் கையில் இருந்த டீக்கோப்பையை மேஜைமேல் வைத்த வேகத்தில் டீ சிதறி அந்தக் காகிதங்கள் நனைந்துபோயின.

"காத்துருந்து செத்தவ ஒருத்தி இருக்கா அண்ணாச்சி. எங்க அக்கா."

அண்ணாச்சி கைக்குட்டையை எடுத்துக் காகிதத்தை ஒற்றினார். "அது வேற கேஸா இருக்கும்மா" என்று மெதுவாகச் சொன்னார். வேறு கேஸ்தான். எனக்கும் தெரியும். அக்காவுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை, அந்தக் குழந்தை பிழைக்க வழியே இல்லை. ஆனால் ஒரு பொம்பிளை உடம்பு பற்றிய முடிவு என்றால், எல்லாருக்கும் நேரம் தாராளமாக இருக்கிறது. உடம்புக்காரிக்கு மட்டும்தான் இல்லை.

3

நடந்ததைச் சொல்கிறேன்.

அக்காவைச் சுரண்டையில் கட்டிக்கொடுத்திருந்தோம். அந்தோணி அத்தானுக்கு அங்கே பஜாரில் பெயின்ட் கடை. ஒரே மகள் ஷைனி, அப்போது எட்டு வயது. அந்த வருஷம் ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாளுக்கு அவளுக்குப் புதுநன்மை. முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற அந்த நாளுக்குப் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் வேண்டும். கடையில் வாங்காமல் அக்கா தானே தைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தைச் சுற்றி ஒவ்வொரு முத்தாகக் கோத்து, எனக்கு வீடியோவில் காட்டிக்கொண்டே தைப்பாள். அந்தச் சமயம் இரண்டாவதாக உண்டாகியிருந்தாள். நான்காவது மாதம் முடிந்திருந்தது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலையில் பனிக்குடம் உடைந்துவிட்டது. தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் ஊரான குத்துக்கல்வலசையில் இருந்து அம்மா ஓடிவந்தாள். டாக்டரம்மா பார்த்துவிட்டுத் தெளிவாகவே சொல்லியிருக்கிறாள்: இந்த மாதத்தில் குழந்தை பிழைக்காது, தாய்க்குக் காய்ச்சல் ஏறிவிட்டது, உடனே வெளியே எடுத்தாக வேண்டும். ஆனால் குழந்தைக்கு இதயத் துடிப்பு இருந்தது. அங்கேதான் எல்லாம் நின்றது.

நம் நாட்டுச் சட்டம் இதை எப்போதோ அனுமதித்துவிட்டது. தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் செய்யலாம். வயதுக்கு வந்த பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும், புருஷன் கையெழுத்துக்கூடத் தேவையில்லை. அக்கா சம்மதம் என்று வாயால் சொன்னாள், கையெழுத்தும் போட்டாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அத்தானும் போட வேண்டும் என்றார்கள். அத்தான் பேனாவைக் கையில் வாங்கினார். அப்போது யாரோ சொன்னார்கள், பங்குச் சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று. அந்த யாரோ யார் என்று பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஜனத்தைத் தெரியாதவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். நாங்கள் எதற்கும் சாமியாரைக் கேட்போம். போர்வெல் போட இடம் பார்க்கக் கேட்போம், பிள்ளைக்கு எந்தக் காலேஜ் என்று கேட்போம், புது பைக்கைக் கோவில் வாசலில் நிறுத்தித் தீர்த்தம் தெளிக்காமல் முதல் கியர் போடமாட்டோம். அவரும் சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்வார். அவர் சொல்லிவிட்டால் பழி நம்மேல் இல்லை. அந்தச் சுகத்துக்குத்தான் கேட்கிறோம் என்று இப்போது தோன்றுகிறது.

அன்றைக்குச் சாமியார் ஊரில் இல்லை. சீசன் நன்றாக இருந்தது, சாரல் விழுந்துகொண்டிருந்தது. பாடகற்குழுவைக் கூட்டிக்கொண்டு வேனில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிருந்தார். போனை எடுக்கவில்லை. எல்லார் போனையும் ஒரு பையில் போட்டு வேனுக்குள் பூட்டிவிட்டு அருவிக்குப் போயிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டர்கூட இருக்காது. அத்தான் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். சீசன் சனிக்கிழமை எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பேரருவியில் தலைதான் தெரியும், ஆள் தெரியாது. எல்லாரும் எண்ணெய் வழிய, துண்டோடு நிற்பார்கள். அதில் சாமியார் யார், சம்சாரி யார்? அத்தான் பேண்ட் சட்டையோடு தண்ணீருக்குள் இறங்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்திருக்கிறார். போலீஸ்காரர் விசில் ஊதி வெளியே தள்ளியிருக்கிறார். அங்கிருந்து ஐந்தருவி. அங்கேயும் இல்லை. பழைய குற்றாலம் போகிற ரோட்டில் வண்டி நகரவில்லை. கடைசியில் சிப்ஸ் கடை வாசலில், ஈரத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, சூடான நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தோடு நின்றிருந்தார் சாமியார். அப்போது மணி மூன்று. அத்தான் தேடப் புறப்பட்டது பன்னிரண்டு மணிக்கு.

அத்தான் விஷயத்தைச் சொன்னதும் அந்த மனுஷர் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டாராம்.

"இத என்கிட்ட எதுக்குய்யா கேக்க வந்தீரு? டாக்டர் சொன்னா செய்ய வேண்டியதுதான! தாயக் காப்பாத்துறதுக்குப் பண்ற வைத்தியம் பாவம்னு யாரு ஒமக்குச் சொன்னது? ஓடும், ஓடும்!"

அவரே பின்னால் உட்கார்ந்து வந்தார், ஈர வேட்டியோடு. நெரிசலில் இருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர நாலரை ஆகிவிட்டது. அதற்குள் அக்காவுக்கு நடுக்கம் கண்டு, ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. செய்ய வேண்டியதைச் செய்தார்கள். திருநெல்வேலிக்கு ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு, ஊரில் இரண்டாம் பூசை நடக்கிற நேரத்தில், அக்கா போய்விட்டாள்.

4

அடக்கத்துக்கு நான் போகவில்லை. போக முடியவில்லை. அந்த ஆகஸ்டில் ஷைனியின் புதுநன்மைக்குப் போவதற்காக, திரும்பி இந்த நாட்டுக்குள் வர முத்திரை வேண்டும் என்று பாஸ்போர்ட்டைத் தபாலில் அரசாங்க ஆபீசுக்கு அனுப்பியிருந்தேன். அது எந்த மேஜையில் இருந்ததோ. போன் பண்ணினால் ஒரு பாட்டு பாடும், நாற்பது நிமிஷம் கழித்து லைன் அறுந்துபோகும். திங்கட்கிழமை காலை ஒரு பெண் எடுத்தாள், மிக மரியாதையாகப் பேசினாள். அவசரக் காரணம் என்றால் இறப்புச் சான்றிதழை இணைத்து மின்னஞ்சல் அனுப்பு என்றாள். அக்கா செத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. சான்றிதழுக்கு நான் எங்கே போவேன்?

ஆகவே அடக்கத்தை வீடியோவில் பார்த்தேன். யாரோ போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பாதி நேரம் மின்விசிறிதான் தெரிந்தது. மறையுரை கொடுத்தது எங்கள் சாமியார் இல்லை. அவர் ஒரு ஓரத்தில் தலையைக் குனிந்து நின்றார். வெளியிலிருந்து வந்திருந்த பெரிய சாமியார் ஒருவர் பேசினார். அந்த உயிர்த்துடிப்பை நிறுத்த மனம் வராமல் தன்னையே பலியாக்கிய தாய் என்றார். கோவில் முழுக்க விசும்பியது. அத்தான் மறுக்கவில்லை. அம்மா மறுக்கவில்லை. மறுத்தால் மூன்று மணி வரைக்கும் அருவி அருவியாகத் தேடியதைச் சொல்ல வேண்டும். தியாகம் என்று சொல்லிவிட்டால் யாரும் எதையும் சொல்ல வேண்டாம். பொய் அவ்வளவு வசதியாக இருந்தது.

அதற்கப்புறம் சில வருஷத்தில் இந்த நாட்டில் பொதுவாக்கெடுப்பு வந்தது. கத்தோலிக்க நாடு, அரசியல் சாசனத்திலேயே இருந்த கருக்கலைப்புத் தடையை எடுப்பதா என்று ஜனங்களிடம் கேட்டார்கள். குடியுரிமை கிடைத்த பிறகு நான் போட்ட முதல் ஓட்டு அது. எங்கள் வார்டில் ஒரு பாட்டியம்மா, எட்டுப் பிள்ளை பெற்றவள், தினமும் ஜெபமாலை சொல்கிறவள், சக்கர நாற்காலியில் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, எடுக்கத்தான் போட்டேன் என்று எல்லாரிடமும் சொன்னாள். நானும் எடுக்கத்தான் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மறு ஞாயிறு நற்கருணை வாங்கினேன். பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லவில்லை, பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. விசுவாசம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போயிருந்தால் இவ்வளவு கோபம் வராது. அந்நியர் வீட்டு விஷயத்தில் யாருக்குக் கோபம் வருகிறது?

5

பங்கு ஆபீசுக்குப் பதில் எழுதாமலேயே விட்டிருப்பேன். ஒன்பது வருஷம் அப்படித்தானே இருந்தேன். ரியாதான் விடவில்லை.

நேற்றுச் சாயங்காலம் சமையலறைக்கு வந்து போனை என் முன்னால் நீட்டினாள். அவளும் ஷைனியும் அடிக்கடி செய்தி அனுப்பிக்கொள்வார்கள் என்பதே எனக்குத் தெரியாது. ஷைனிக்கு இப்போது பதினேழு.

"ஷைனிக்கா ஆஸ்க்டு மீ. உங்ககிட்ட கேக்க பயமாம்" என்றாள் ரியா.

அந்தச் செய்தி இவ்வளவுதான். 'ஆண்டுப் பூசைல அம்மாவ பத்தி என்னைய வாசிக்கச் சொல்லுதாங்க. அம்மா அந்த பாப்பாவுக்காக சாக சரின்னு சொன்னாங்களாம். அப்போ நான் இருந்தேன்லா? என்னைய விட அந்த பாப்பாதான் அவங்களுக்குப் பெருசா?'

எட்டு வயதில் இருந்து அந்தப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறாள். உன் அம்மா ஒரு புனிதை என்று தலையைத் தடவினவர்கள் எல்லாரும் அவளிடம் சொன்னது இதைத்தான்: உன் அம்மா உன்னை வேண்டாம் என்று விட்டுப்போனாள். நாங்கள் வசதியாக விழுங்கிக்கொண்ட பொய் இந்தக் குழந்தையைப் போய்க் குத்திக்கொண்டிருந்திருக்கிறது. அடுப்பை அணைத்தேன். ஊரில் அப்போது இரவாகிவிட்டதால் இன்று காலைவரை பொறுத்து, வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஷைனியை அழைத்தேன்.

"ஏட்டி ஷைனி, சித்தி பேசுதேன். உங்கம்மா சாகச் சரின்னு சொல்லல. ஒரு தடவகூடச் சொல்லல."

நான் நிறுத்தாமல் தொடர்ந்தேன்.

"அன்னைக்கு எனக்குப் போன் பண்ணினா. நான் வேலைக்குக் கிளம்பிட்டு இருந்தேன். 'ஜெசி, டாக்டரம்மா உடனே செய்யணும்னு சொல்லுதா, நான் கையெழுத்துப் போட்டுட்டேன், அத்தானும் அம்மாவும் முழிச்சிக்கிட்டு நிக்காவ, நீ நர்சுதான, நீ சொன்னா கேப்பாவ. எனக்குக் குளிருதுட்டி. ஆகஸ்ட்டுக்கு நான் இருக்கணும்லா'ன்னு சொன்னா. அதுதான் உங்கம்மா என்கிட்ட கடைசியாச் சொன்னது."

"நீங்க என்ன சொன்னீங்க சித்தி?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் ஒன்பது வருஷம் பயந்தது. சாமியார்மேலும், மறையுரைமேலும், ஆஸ்பத்திரிமேலும், சேவியர் அண்ணாச்சியின் காகிதத்தின்மேலும் நான் இவ்வளவு கோபப்பட்டதெல்லாம் இந்தக் கேள்வி என் பக்கம் வராமல் இருக்கத்தான்.

"போன ஒங்க ஆச்சிகிட்ட குடுக்கச் சொன்னேன். ஆச்சிகிட்ட சொன்னேன், 'சாமியார்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் செஞ்சிருங்கம்மா, பொறவு மனசு உறுத்தக் கூடாதுல்லா'ன்னு. சொல்லிட்டு, நேரமாச்சுன்னு வச்சிட்டேன். நர்சு நான். காய்ச்சல் எவ்வளவுன்னுகூடக் கேக்கல. அப்போ இந்த நாட்டுலயும் துடிப்பு நிக்கிற வரைக்கும் காத்துருக்கதுதான் வழக்கம். நானும் அப்படியே பழகியிருந்தேன். ஒங்க அப்பா என் பேச்சக் கேட்டுத்தான் குத்தாலத்துக்குப் போனாவ."

ஷைனி சொன்னாள்: "எனக்கு உங்க மேல ரொம்பக் கோவம் வருது சித்தி."

"வரணும்ட்டி."

"அப்பா ஏன் இத்தன வருசம் சொல்லல?"

"என்னையக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு இருந்திருப்பாவ. நானும் அதச் சாக்கா வச்சு இருந்துட்டேன்."

போனை வைக்கவிடாமல் மாடிக்கு ஓடினேன். என் அலமாரியில், ஸ்வெட்டர்களுக்கு அடியில் ஒரு துணிப்பை இருக்கிறது. அந்த டிசம்பரில் ஊருக்குப் போனபோது அத்தான் என் கையில் கொடுத்தது. வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை, கொண்டுபோய்விடு என்றார். ஷைனிக்கு இப்படி ஒன்று இருந்ததே மறந்துபோயிருக்கும். புதுநன்மைக்கு அவள் போட்டது யாரோ இரவல் கொடுத்த கவுன், தோள் இறங்கித் தொங்கியது.

கட்டிலில் விரித்துப் படம் எடுத்து அனுப்பினேன். வெள்ளைக் கவுன். கழுத்தில் முக்கால் வட்டம் முத்து. மிச்சம் கால்வட்டத்தில் பென்சில் புள்ளிகள் மட்டும். கடைசி முத்துக்கு அடுத்த புள்ளியில் ஊசி குத்தியபடி இருக்கிறது, நூலும் அதிலேயே இருக்கிறது. இப்போது லேசாகத் துரு ஏறியிருக்கிறது.

"பாரு. வயித்து வலி வந்து எந்திரிச்சுப் போகும்போது ஊசியத் துணியிலயே குத்தி வச்சிட்டுப் போயிருக்கா. திரும்பி வந்து தைக்கணும்னு நெனக்கவதான் அப்படிப் போவா."

ஷைனி அழுதாள். ஒன்பது வருஷத்தில் அவள் அழுது நான் கேட்டதில்லை. கதவோரம் நின்ற ரியா வந்து என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள்.

அழைப்பு முடிந்த பிறகு பங்கு ஆபீசுக்கு அரைப் பக்கம் எழுதினேன். அக்கா என்னிடம் சொன்னதை எழுதினேன், நான் அம்மாவிடம் சொன்னதை எழுதினேன், சிப்ஸ் கடை வாசலில் சாமியார் சொன்னதை எழுதினேன். தலைப்பில் இருந்து 'மனமுவந்து' என்பதை எடுத்தால் மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் என் அக்காவை விட்டுவிடுங்கள் என்று முடித்தேன். சிரிக்கிற படம் அனுப்பவில்லை. கவுன் படத்தை அனுப்பினேன். அவர்கள் போடமாட்டார்கள் என்று தெரியும். அதனால்தான் ஊரில் இருக்கிற நீங்கள் படிக்க இங்கேயும் எழுதுகிறேன்.

சற்று முன் ஷைனியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஆண்டுப் பூசையில் அவள் வாசிக்கப்போகிறாளாம், அவர்கள் கொடுத்த தாளை அல்ல. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி.

'கவுனக் கொண்டு வாங்க சித்தி. ஊசிய எடுத்துராதீங்க. மிச்சத்த நான் தைக்கேன்.'